தண்ணீர் ஓடும் பக்கம்

மீர்சாகிப்பேட்டையில் மெஹபூப் அலி வீட்டைத் தேடி வருகிறவர்கள் யாரும் வீட்டு இலக்கம் கேட்பதில்லை. "மோட்டார் தண்ணி சாமான் பாய் வூடு எது?" என்று கேட்டால் போதும், சந்து முனையில் கறி வெட்டுகிற பீர் முஹம்மது கையிலிருக்கும் கத்தியாலேயே வழி காட்டிவிடுவார். காரின் சக்கரமோ விளக்கோ சீட்டோ மெஹபூப் அலிக்கு வேண்டாம். கொதிக்கிற எஞ்சினைச் சுற்றித் தண்ணீர் ஓடுவதற்கு என்னென்ன வேண்டுமோ அவைதான் அவருடைய சரக்கு. ரேடியேட்டர், பம்பு, ரப்பர் குழாய், விசிறிப் பட்டை, எஞ்சினுக்கும் அதன் மூடிக்கும் நடுவில் வைக்கிற செம்புத் தகடு. மோதி நொறுங்கிய வண்டிகளையும், சொந்தக்காரர் இறந்தபின் கொட்டகையில் துருப்பிடித்துக் கிடந்த வண்டிகளையும் ஏலத்தில் எடுத்துப் பிரித்து, வேண்டியதை வைத்துக்கொண்டு மிச்சத்தை எடைக்குப் போட்டுவிடுவார்.

கம்பெனிக்காரர்கள் வருஷத்துக்கு ஒரு மாடலை விட்டுவிட்டுப் போன வருஷத்து மாடலை மறந்துபோகிற காலம் அது. பத்து வருஷத்து வண்டிக்குச் சாமான் கேட்டால் மவுண்ட் ரோடு கடைகளில், சீமைக்கு எழுதிக் கப்பலில் வரவேண்டும் என்பார்கள். மெஹபூப் அலி, "மாதிரி கொண்டா" என்பார். பழைய சாமானைக் கையில் கொடுத்தால், தண்ணீர் தானாகச் சுற்றுகிற வண்டியா, பம்பு வைத்துத் தள்ளுகிற வண்டியா, எந்த வருஷத்து மாடல் என்று குழாயின் வாயில் விரலை விட்டுப் பார்த்தே சொல்லிவிடுவார். மாதிரி இல்லாமல் வந்தால், ஜமீன்தார் வீட்டு டிரைவராக இருந்தாலும் வெறுங்கையோடுதான் திரும்பவேண்டும்.

முன்னறையில் திரை தொங்கும். திரைக்கு உட்பக்கம், முற்றத்தில், அவர் மனைவி அமீனா பீயின் ராஜ்ஜியம். எண்ணெய்ப் பிசுக்கும் கரியும் ஏறி வருகிற செம்பையும் பித்தளையையும் புளியும் சாம்பலும் போட்டுத் தேய்ப்பது அவள் வேலை. நிக்காஹ் முடிந்து வந்த வருஷம் முதல் தேய்க்கிறாள். விரல் நுனிகளில் ரேகை இல்லை. பாத்திரம் தேய்க்கிறவளின் கைக்குப் புளிப்பு வாசனை உண்டு என்றால், இவள் கையில் புளிப்போடு இரும்பு வாசனையும் இருக்கும். சோறு பிசைந்து பிள்ளைகளுக்கு ஊட்ட அல்லா கொடுக்கவில்லை. அந்தக் குறையைத் தம்பி இனாயத்தைக் கொஞ்சித் தீர்த்துக்கொண்டாள்.

செம்புத் தகடுகளைத் தேய்ப்பதில் மட்டும் ஒரு கட்டுப்பாடு உண்டு. சில வண்டிகளின் தகட்டை நாலு விதமாகத் திருப்பி வைக்கலாம். நாலு விதத்திலும் போல்ட்டுகள் ஒழுங்காக உட்காரும். ஒரு விதத்தில்தான் தண்ணீர் ஓடும். மற்ற மூன்றிலும் தண்ணீர்த் துவாரங்களைத் தகடே அடைத்துவிடும். அதனால் வண்டியைப் பிரிக்கும்போதே, தகடு கையை விட்டு நகருமுன், ரேடியேட்டர் பக்கத்து மூலையில், மேல்முகமாக, ஒரு சொட்டுச் சிவப்புப் பெயிண்ட் வைத்துவிடுவார் மெஹபூப் அலி. அந்தப் பொட்டைத் தொடாமல் சுற்றித் தேய்ப்பது அமீனா பீயின் விரல்களுக்குப் பழகிப்போயிருந்தது.

சித்திரை பிறப்பதற்கு முன்பே வெயில் கொளுத்திய அந்த வருஷம், ஒரு வியாழக்கிழமை காலையில் இனாயத் வந்தான். மாம்பலத்தில் புதிதாக எழும்பிய தியாகராய நகரில் பங்களா கட்டிக் குடியேறியிருந்த வக்கீல் அனந்தராமனிடம் அவன் டிரைவர். பங்களாத் தோட்டத்து அறை ஒன்றில் அவனுக்கும் மனைவி நஸ்ருன்னிசாவுக்கும் குடியிருப்பு. காக்கிச் சட்டை முதுகு நனைந்திருந்தது. கையில் சாக்குத் துணியில் சுற்றிய பழைய தகடு.

"ஆபா, கீறியா?" என்று அக்காவைக் கூப்பிட்டான்.

"நா எங்கடா போவேன்? புளியும் கையுமா இங்கதான் கீறேன். நஸ்ரு எப்படி கீறா?"

"வயிறு முன்னாடி போவுது, அவ பின்னாடி போறா."

"வாய் மட்டும் கொறைய மாட்டேங்குது. மோர் குடிக்கிறியா?"

திரையை விலக்கி மெஹபூப் அலி வந்து தகட்டை வாங்கினார். கரிந்து, ஓரம் பிய்ந்திருந்தது. உள்ளே போய் ஆணியில் தொங்கிய தகடுகளைத் தள்ளித் தள்ளிப் பார்த்து ஒன்றை எடுத்தார். பழையதன் மேல் புதியதை வைத்து, முற்றத்து வெயிலுக்கு நேராகத் தூக்கிப் பிடித்தார். ஒவ்வொரு ஓட்டையிலும் வெளிச்சம் முழு வட்டமாக வருகிறதா என்று ஒற்றைக் கண்ணால் பார்த்தார். உதட்டைப் பிதுக்கி, வேறொன்றை எடுத்து வைத்துப் பார்த்தார்.

"பாய்ஜான், மச்சானுக்குக் கூடவா இத்தினி சோதனை?" என்றான் இனாயத்.

"மச்சான் பொய் சொல்லுவான். ஓட்டை பொய் சொல்லாது." மூன்றாவது தகட்டில் வெளிச்சம் சரியாக வந்தது. "இதான். ஆறு மாசம் முன்னாடி பிரிச்ச வண்டி. மெக்கானிக் வால்டராண்ட குடு, அவரு மாட்டட்டும். நீ கை வெக்காதே."

பழைய தகட்டைச் செம்புக் குவியலில் எறிந்துவிட்டு, சைதாப்பேட்டையில் ஒரு வண்டி ஏலத்துக்கு வருகிறது என்று குல்லாயைப் போட்டுக்கொண்டு கிளம்பினார்.

அவர் செருப்புச் சத்தம் சந்தைத் தாண்டியதும் இனாயத் அக்காவின் பக்கத்தில் குந்தினான்.

"ஆபா, இத்த கொஞ்சம் பளபளன்னு ஆக்கிக் குடு. புச்சு மாதிரி."

"தேச்சுதானேடா கீது."

"இன்னும். ஐயர் வூட்ல மவுண்ட் ரோடு கடைல புச்சு வாங்கியாறேன்னு சொல்லித் துட்டு வாங்கிகிறேன்."

அமீனா பீயின் கை நின்றது. "ஏன்டா அப்படிச் சொன்னே?"

"நஸ்ருக்கு மாசம் ஆயிடுச்சு. மருத்துவச்சி, மருந்து, எண்ணெய், எல்லாத்துக்கும் நா எங்க போவேன்? ஐயருக்கு இது இன்னா பெரிசு? தகடு நல்ல தகடுதானே? வண்டி ஓடப் போவுதுதானே?"

அவள் புளியை எடுத்தாள். அவன் சொன்னதில் பாதி சரி என்றுதான் பட்டது. தகடு நல்ல தகடு. சாம்பலைத் தூவித் தேய்த்தாள். செம்பு கல்யாணப் பெண்ணின் கன்னம்போலச் சிவந்து மினுங்கியது. மூலையில் பொட்டு மட்டும் உறைந்த ரத்தம் மாதிரி நின்றது.

"இத்தயும் எடுத்துடு ஆபா. புச்சுல இது இருக்குமா?"

"இது மேல் பக்கம்னு அடையாளம்டா. உங்க பாய்ஜான் வெச்சது."

"வால்டருக்கு அடையாளம் வேணுமா? அவரு கண்ண மூடிகினு மாட்டுவாரு. எஞ்சின் மூடிய நேத்து அவருதான் கழட்டனாரு."

அமீனா பீ தயங்கினாள். கூடப் பிறந்தவன், கடைசியாகப் பிறந்தவன், அம்மா செத்தபின் அவள் மடியில் தூங்கியவன். கட்டைவிரலால் புளியை அழுத்தி ஒரு சுற்று, இன்னொரு சுற்று. பொட்டு போய்விட்டது. அவன் தகட்டைத் தூக்கி முகம் பார்த்துத் தலையைக் கோதிக்கொண்டான். அவள் சிரித்தாள்.

ஆழ்வார்பேட்டையில் கொட்டகை போட்டிருந்த மெக்கானிக் வால்டர் சாந்தோம் கோயிலைச் சேர்ந்தவர். மறுநாள் பெரிய வெள்ளி. வருஷம் முழுக்க ஞாயிற்றுக்கிழமையிலும் ஸ்பானரைக் கீழே வைக்காத மனிதர், அந்த ஒரு நாள் தண்ணீர்கூடக் குடிக்காமல் கோயிலில் கிடப்பார். சனிக்கிழமை பத்து மணிக்கு வந்து மாட்டித் தருகிறேன் என்று சொல்லி அனுப்பியிருந்தார். வக்கீல் வீட்டாரோ சனிக்கிழமை விடியற்காலையில் திருவான்மியூர் கோயிலுக்குப் புறப்படுவதாக இருந்தார்கள். எஜமானி அம்மாளின் வேண்டுதல்.

இனாயத் வெள்ளிக்கிழமை ஜும்மா தொழுதுவிட்டு வந்து, வக்கீல் வீட்டு வண்டிக் கொட்டகையில் தானே தகட்டை வைத்து மூடியை இறுக்கினான்.

சனிக்கிழமை பகல் வால்டர் சைக்கிளை உருட்டிக்கொண்டு சந்துக்குள் வந்தார். எப்போது வந்தாலும் வாசலிலிருந்தே, "பாய், தண்ணி கடைல தாகத்துக்குத் தண்ணி கிடைக்குமா?" என்று கேட்கிறவர், அன்று ஒன்றும் கேட்கவில்லை.

"மெஹபூப் பாய், உக்காருங்க."

"இன்னா வால்டரு?"

"உக்காருங்கன்றேன்."

திரைக்குப் பின்னால் அரிசி புடைத்துக்கொண்டிருந்த அமீனா பீ முறத்தைக் கீழே வைத்தாள்.

அடையாறு பாலத்தைத் தாண்டியதும் வண்டி கொதித்துவிட்டது என்றார் வால்டர். இனாயத் ஓரமாக நிறுத்தி ஆறவிட்டான். நிழல் கிடையாது. வண்டிக்குள் குழந்தைகள் அழுதன. "எத்தனை நாழி நிக்கறது இனாயத்? அபிஷேகம் ஆயிடும்" என்று அம்மாள் கேட்டிருக்கிறாள். கோபித்துக்கூட அல்ல, சாதாரணமாகத்தான். அவன் துணியைச் சுற்றி ரேடியேட்டர் மூடியைத் திருகினான். குனிந்து திருகியிருக்கிறான்.

"கொதிதண்ணி மூஞ்சி பூரா அடிச்சிடுச்சு பாய். ராயப்பேட்டை ஆஸ்பத்திரில கெடக்கிறான். கண்ணுதான்..."

உள்ளே முறம் புரண்டு அரிசி கொட்டுகிற சத்தம் கேட்டது.

ஆஸ்பத்திரியில் அவன் முகம் என்று அவள் பார்த்தது வெள்ளைத் துணியும் அதன் நடுவே வீங்கிய உதடும்தான். நஸ்ருன்னிசா கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்திருந்தாள். அழுது முடித்து, அடுத்த அழுகை வரக் காத்திருக்கிற முகம். வக்கீல் அனந்தராமன் வந்திருந்தார். முகத்திரை போட்ட கோஷாப் பெண்கள் இருக்கிறார்கள் என்று எட்டவே நின்று, மெஹபூப் அலியிடம் பேசினார்.

"எங்காத்து மனுஷா உக்காந்திருந்த வண்டி. இவனுக்கு வந்தது எங்களுக்கு வந்திருக்க வேண்டியது. ரூமைக் காலி பண்ணச் சொல்லமாட்டேன். இவன் ஆம்படையாளுக்குப் பிரசவம் அங்கேயே ஆகட்டும். கண் வரலேன்னாலும் கேட்டண்டை உக்காந்துண்டு இருக்கட்டும். என் காலம் உள்ளவரை சோறு உண்டு."

மெஹபூப் அலி தலையைக் குனிந்துகொண்டு கேட்டார்.

ஆண்கள் வெளியே போனதும் இனாயத்தின் கை துழாவியது. அமீனா பீ பிடித்துக்கொண்டாள்.

"ஆபா."

"பேசாதே. உதடு கிழியும்."

"பொட்டு எந்த மூலன்னு நெனப்பு இருந்துச்சு ஆபா. வலது மூலன்னு நெனப்பு." மூச்சு வாங்கினான். "வந்து கேட்டுட்டுப் போலாமான்னு பாத்தேன். இது கூடவா தெர்லன்னு பாய்ஜான் கேப்பாரேன்னு..."

"போதும்."

"ஐயருக்குத் தெரியக்கூடாது. புச்சுன்னு ஏமாத்தினேன்னு தெரிஞ்சா ரூம் பூடும். நஸ்ரு எங்க போவா? பாய்ஜானாண்டயும் சொல்லாதே. அவருக்கு மறைக்கத் தெரியாது. நேரா போய்ச் சொல்லிடுவாரு."

அவள் அவன் கையைத் தன் கன்னத்தில் வைத்துக்கொண்டாள். அதுதான் பதில் என்று அவன் எடுத்துக்கொண்டான்.

திங்கட்கிழமை வால்டர் எஞ்சினைத் திறந்தார். மெஹபூப் அலி பக்கத்தில் நின்று பார்த்துவிட்டு வந்து முற்றத்துச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தார்.

"தகடு சரியான தகடு, அமீனா. திருப்பி மாட்டிகிறான். தண்ணி போற ஓட்டை எல்லாம் அடைச்சிகினு இருந்துச்சு. அதே தகட்ட சரியா வெச்சான் வால்டரு. வண்டி சோக்கா ஓடுது." உள்ளங்கைகளைப் பார்த்துக்கொண்டார். "பொட்டு இல்ல."

அவள் அடுப்பை ஊதினாள்.

"ரெண்டு பக்கமும் பாத்தேன். பொட்டே இல்ல. இத்தினி வருஷத்துல ஒரு தகடு பொட்டு வெக்காம கழட்டினது இல்ல நானு. இத்த மட்டும் எப்படி விட்டேன்? சைதாப்பேட்டை வண்டிய எவனாச்சும் எடுத்துடுவானோன்னு அவசரம் எனக்கு. அன்னிக்காவது பாத்திருக்கணும். ஓட்டையப் பாத்தேன், மூலையப் பாக்கல."

"கஞ்சி குடிங்க."

"வேணாம்."

அன்றிலிருந்து வேணாம் என்ற சொல்தான். காலையில் டீ மட்டும். மத்தியானம் தட்டில் கை வைத்துவிட்டு எழுந்துவிடுவார். கருவாடு வறுத்தாள், கைமா செய்தாள், எலும்பும் பருப்பும் சேர்ந்த தாளிச்சாவில் அவருக்குப் பிடித்த மாங்காய் போட்டாள். மணம் முன்னறைக்குப் போய் அவரைக் கூட்டிக்கொண்டு வரவில்லை. ஆணியில் தொங்கிய தகடுகளையெல்லாம் இறக்கிப் பாயில் பரப்பி, பொட்டு உண்டா, பொட்டு சரியா என்று பார்ப்பார். பொட்டு இருந்தாலும் நம்பிக்கை வரவில்லை. மாதிரியோடு வந்தவர்களைக்கூடத் திருப்பி அனுப்பினார்.

"இன்னா பாய், தண்ணி வத்திடுச்சா?" என்று பீர் முஹம்மது கேலி செய்தார். மெஹபூப் அலி அவரை நிமிர்ந்து பார்த்த பார்வையில், அப்புறம் அவர் வாயைத் திறக்கவில்லை. அரை சேர் நெஞ்செலும்பை இலையில் கட்டிச் சும்மாவே அனுப்பிவைத்தார்.

தினம் இருவரும் ஆஸ்பத்திரிக்குப் போவார்கள். மெஹபூப் அலி கட்டிலருகே நின்று, "இனாயத், நாந்தான்டா. என்ன மன்னிச்சிடு" என்பார். ஒவ்வொரு நாளும் அதே வார்த்தை. துணிக்குள்ளிருந்து பதில் வராது. "பாய்ஜான் மெலிஞ்சிட்டாராமே, நஸ்ரு சொல்றா" என்று ஒருநாள் அவர் போனபின் கேட்டான். "சோறு எறங்கல" என்றாள் அமீனா பீ. அவன் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டான்.

தன்னைவிட வயதில் பெரியவர், வாழ்நாளில் யாரிடமும் தலைகுனியாதவர், தம்பி கட்டிலின் முன் பிச்சைக்காரன் மாதிரி நிற்பதை அவள் கோஷாவுக்குள்ளிருந்து பார்த்தாள். சொல்லிவிடலாம் என்று நாக்கு வரை வரும். நஸ்ருன்னிசாவின் வயிறு கண்ணில் படும். நாக்கு உள்ளே போய்விடும்.

ஒருநாள் மத்தியானம் மெஹபூப் அலி பெட்டியிலிருந்து வெள்ளை ஷெர்வானியை எடுத்து உதறினார். பெருநாளுக்கு மட்டும் போடுகிறது. தோளில் தொளதொளத்தது.

"எங்க கெளம்பிட்டீங்க?"

"வக்கீலாண்ட. டாக்டரு காலைல சொல்லிட்டாரு. ரெண்டு கண்ணும் இல்லியாம். அந்த மனுசன் தன் வண்டியால ஆச்சுன்னு நெனச்சிகினு சோறு போடறேன்றாரு. என் தகட்டால ஆச்சு, நாந்தான் குடுத்தேன், பொட்டு வெக்காத குடுத்தேன்னு நா போய்ச் சொல்லணும். இல்லன்னா இந்தச் சோறு எனக்கு எறங்காது."

"போவாதீங்க."

"ஏன்?"

"உங்க தகடுன்னு அவருக்குத் தெரியாது. மவுண்ட் ரோடு கடைல வாங்கின புச்சுன்னு சொல்லிகிறான்."

மெஹபூப் அலி பொத்தானைப் போட்டுக்கொண்டிருந்த கையை எடுத்தார். "அவ்ளோ மினுமினுன்னு இருந்துச்சே," என்றார் மெதுவாக. திங்கட்கிழமை எஞ்சினிலிருந்து எடுத்த தகட்டை நினைத்துப் பார்க்கிறார் என்று அவளுக்குத் தெரிந்தது. இனி மறைக்க ஒன்றுமில்லை.

"நாந்தான் தேச்சேன். நீங்க போனப்புறம்."

"பொட்டு?"

"இருந்துச்சு."

"நல்லாப் பாத்துச் சொல்லு. நா வெச்ச பொட்டு இருந்துச்சா?"

"மூலைல இருந்துச்சு. எடுத்துடுன்னு கேட்டான். எடுத்தேன். என் கையாலதான்."

அடிப்பார் என்று நினைத்தாள். அடித்தால் நன்றாயிருக்கும் என்றுகூட நினைத்தாள். மெஹபூப் அலி அப்படியே பாயில் உட்கார்ந்தார். ஷெர்வானி மடிந்து கசங்கியது. இரண்டு கைகளாலும் முகத்தைத் துடைத்துக்கொண்டு, உள்ளேயிருந்து எதையோ இறக்கி வைத்ததுபோல நீளமாக மூச்சு விட்டார்.

"வெச்சிருந்தேன்," என்றார். "அல்லா, நா வெச்சிருந்தேன்."

காக்கை ஒன்று முற்றத்தில் இறங்கி, ரேடியேட்டர் குழாயைக் கொத்திவிட்டுப் போயிற்று.

"இன்னா கொழம்பு?" என்று கேட்டார்.

அவளுக்கு முதலில் விளங்கவில்லை. "தாளிச்சா."

"போடு."

போட்டாள். சாப்பிட்டார். இத்தனை நாள் எந்தச் சாப்பாட்டுக்காக அவள் தொழுகைப் பாயில் கண்ணீர் விட்டாளோ, அந்தச் சாப்பாடு. பெரிய பெரிய கவளமாக எடுத்து, மாங்காய்க் கொட்டையைச் சப்பி, எலும்பை உடைத்து மச்சையை உறிஞ்சினார். மறுசோறு கேட்டார். கரண்டியைச் சட்டியில் வைத்துக்கொண்டு அவள் வேறு பக்கம் பார்த்தாள். நெற்றியில் வியர்வை துளிர்க்கத் துளிர்க்க அவர் தின்ற அந்தச் சத்தத்தைக் காதில் வாங்க அவளால் முடியவில்லை. டாக்டர் சொன்ன சேதி வந்த அதே நாள்.

கை கழுவிவிட்டு வந்து ஷெர்வானியைக் கழற்றி மடித்தார்.

"வக்கீலாண்ட போவல. அவன் சோத்துல நா மண்ணு போடல." பெட்டியை மூடினார். "ஆஸ்பத்திரிக்கும் வரல. இன்னிக்கும் இல்ல, இனிமேயும் இல்ல. தெனம் போய் அவன் காலடில நின்னேன். தெரிஞ்சிகினே படுத்துகினு இருந்தான்."

"அவனுக்குக் கண்ணு போச்சுங்க."

"அதனாலதான் அடிக்காம விடறேன்."

தன்னைப் பற்றி அவர் ஒரு வார்த்தை சொல்வார் என்று காத்திருந்தாள். அவரோ முன்னறைக்குப் போய், பாயில் பரப்பியிருந்த தகடுகளை ஒவ்வொன்றாக ஆணியில் மாட்ட ஆரம்பித்தார். வாசலில் யாரோ ஒரு டிரைவர் கூப்பிட்டான். "மாதிரி கீதா?" என்று பழைய குரலில் கேட்டார்.

சாயங்காலம் அமீனா பீ தூக்குச்சட்டியில் கஞ்சியை ஊற்றிக்கொண்டு, ஒண்டியாக ராயப்பேட்டைக்கு நடந்தாள். ஆண் துணையில்லாமல் அவள் அந்தத் தெருவில் நடந்தது அதுவே முதல் தடவை. டிராம் மணி ஒலிக்கும்போதெல்லாம் சுவரோடு ஒட்டிக்கொண்டாள்.

இனாயத் உட்கார வைக்கப்பட்டிருந்தான். அவள் கால் சத்தம் கேட்டுத் தலையைத் திருப்பினான். இன்னொரு கால் சத்தத்துக்காகக் கொஞ்சம் காத்திருந்தான்.

"பாய்ஜான் வர்லியா?"

"கடைல ஆள் வந்துச்சு."

"கட தொறந்துட்டாரா?"

"ம்."

"நா இங்க விழுந்ததுலருந்து தொறக்கலன்னு நஸ்ரு சொன்னா." உதட்டை ஈரப்படுத்திக்கொண்டான். "சாப்ட்டாரா?"

அமீனா பீ தூக்குச்சட்டியின் மூடியைத் திறந்தாள். கஞ்சி இன்னும் ஆவி விட்டது. அந்தச் சூடு முகத்தில் பட்டதும் அவன் பின்னால் சாய்ந்து தலையணையில் முட்டிக்கொண்டான். அவள் சட்டியைச் சட்டென்று தள்ளி வைத்துவிட்டு, கிண்ணத்தில் கொஞ்சம் ஊற்றி ஊதினாள். ஆறும் வரை ஊதினாள்.

"சாப்ட்டாரான்னு கேட்டேன் ஆபா."

"சாப்ட்டாரு. ரெண்டு தடவ வாங்கிச் சாப்ட்டாரு."

துணி சுற்றிய முகம் அசையாமல் இருந்தது.

"அப்போ சொல்லிட்டே," என்றான்.

அவள் கரண்டியை அவன் உதட்டில் வைத்தாள். அவன் வாயைத் திறக்கவில்லை. அவள் கையை எடுக்கவுமில்லை.